கொல்லிமலைத் தண்ணீர் மாறுகிறதா? வரைபடம் சொல்லும் பதில்

ஒரு கிணற்றுத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் இரண்டு சாட்சிகளை அழைப்போம். ஒன்று நாக்கு. "உப்புக் கரிக்கிறது", "பருப்பு வேக மாட்டேன் என்கிறது" என்று அது சொல்லும். மற்றொன்று பழக்கம். "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இதைத்தான் குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று அது கேட்கும்.

இரண்டு சாட்சிகளும் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆனால் இருவருக்குமே தெரியாத விஷயங்கள் பல இருக்கின்றன. தண்ணீரில் கலந்த நைட்ரேட்டை நாக்கு கண்டுபிடிக்காது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நோய்க்கிருமி இருக்கும் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கலாம். பாட்டனார் இறைத்த அதே கிணற்றில் நாம் இறைத்தாலும், அன்று அவர் குடித்த அதே தண்ணீர் இன்றும் அதில் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்பது மட்டுமல்ல. "எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்குப் பதில் தேட இன்று அறிவியலாளர்கள் பயன்படுத்தும் கருவிதான் புவியியல் தகவல் அமைப்பு. சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள். இக்கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே கைகொடுக்கிறது, எங்கே நம்மை ஏமாற்றிவிடும் என்பதைக் கொல்லிமலையை வைத்துப் பார்ப்போம்.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கிறது கொல்லிமலை. அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் மேலே போய்ச் சேர முடியும். மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது.

மேலே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்றழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். இங்குள்ள 14 ஊராட்சிகளும் 'நாடு' என்றே பெயர் பெற்றவை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று அந்தப் பட்டியல் நீளும். மக்கள் தொகை சுமார் 40 ஆயிரம்.

மலைமேல் பெய்யும் மழையின் ஒரு பகுதி ஐயாறாக ஓடி, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கித் திருச்சி மாவட்டத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து காவிரிப் படுகைக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொரு பகுதி மண்ணுக்குள் இறங்கி ஊற்றாகவும் சுனையாகவும் கிணற்று நீராகவும் வெளிப்படுகிறது. எனவே மேலே தண்ணீருக்கு என்ன நடக்கிறது என்பது மலைவாழ் மக்களின் கவலை மட்டுமல்ல. கீழே சேந்தமங்கலத்திலும் துறையூரிலும் இருப்பவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

பாறைக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்கு அடியில் ஓர் ஏரி இருப்பதாகப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். கொல்லிமலை போன்ற கடினப்பாறைப் பகுதியில் நிலைமை வேறு. சார்னோகைட், நைஸ் போன்ற பழம்பாறைகளால் ஆன மலை இது. இப்பாறைகளுக்குள் மணலில் இருப்பதுபோல் இடைவெளிகள் கிடையாது. மேலே சிதைந்து மண்ணும் கல்லுமாகிவிட்ட அடுக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதற்குக் கீழே, பாறையின் வெடிப்புகளிலும் பிளவுகளிலும் கொஞ்சம் ஓடும். அவ்வளவுதான்.

இதனால்தான் ஒரு தோட்டத்தில் போர்வெல் போட்டால் தண்ணீர் பீறிடுகிறது; நூறு அடி தள்ளிப் போட்டால் புழுதி மட்டும் வருகிறது. தண்ணீரின் அளவுக்குப் பொருந்தும் இந்த விதி அதன் தரத்துக்கும் பொருந்தும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் வெவ்வேறு வெடிப்புகளிலிருந்து தண்ணீர் எடுத்தால், இரண்டின் குணமும் வேறாக இருக்கலாம்.

பொதுவாக, மலை உச்சியில் கிடைக்கும் நிலத்தடி நீரில் கரைந்த உப்புகள் குறைவு. மழையாகப் பெய்து, பாறையோடு அதிக நாள் உறவாடாமலே அது வெளியே வந்துவிடுகிறது. அதுவே சரிவில் இறங்கிச் சமவெளியை அடைந்து, பல ஆண்டுகள் பாறைக்குள் தங்கினால் கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு எல்லாம் அதில் கூடிக்கொண்டே போகும். சில பாறைகளிலிருந்து ஃபுளோரைடும் கரைந்து சேரும். ஆகவே மலையில் உப்புக்குப் பயப்படுவதைவிடக் கிருமிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மண் அடுக்கு மெலிதாக இருக்கும் இடத்தில், மேலே கொட்டப்படும் அழுக்கு வடிகட்டப்படாமலே ஊற்றுக்கு வந்துவிடும்.

மேலே என்ன மாறியது?

தண்ணீரின் குணம் தானாக மாறுவதில்லை. அதன் தலைக்கு மேலே இருக்கும் நிலம் மாறும்போதுதான் அது மாறுகிறது.

கொல்லிமலை ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியங்கள் விளைந்த மலை. கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலத்தின் பெரும்பகுதியை மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இருக்கும் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்வதால் கையில் காசு கிடைக்கிறது. இந்த மாற்றத்தைப் பற்றியும், சிறுதானியங்களை மீட்பது பற்றியும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு நீண்ட காலமாகப் பணியாற்றி வந்திருக்கிறது.

சரிவில் கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மண் கலைகிறது. மழை அதை அடித்துச் செல்கிறது. சாமைக்கு உரம் போடாத விவசாயி மரவள்ளிக்கு உரம் போடுகிறார். பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்குகிறது. இன்னொரு பக்கம் மிளகும் காபியும் நிழல் மரங்களோடு வளர்கின்றன. அங்கே மண் அவ்வளவாகக் கலைவதில்லை. மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்காக இம்மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்ட காலமும் இருந்தது. சுற்றுலா பெருகியதால் விடுதிகளும் கழிவுநீரும் பெருகின.

இவற்றில் எது, எந்த ஊரின் தண்ணீரை, எவ்வளவு மாற்றியிருக்கிறது? விவசாயியைக் குற்றம் சாட்டுவது எளிது. விடுதியைக் குற்றம் சாட்டுவதும் எளிது. ஆதாரம் வேண்டுமானால் வரைபடம் வேண்டும்.

ஒரு பம்பின் கைப்பிடி

தண்ணீரின் தரத்தை வரைபடத்தில் பார்க்கும் யோசனை கணினிக்கு முந்தையது. 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று விசாரித்தார். பிறகு அதை வரைபடத்திலும் குறித்துக் காட்டினார். மரணங்கள் பிராட் தெருவில் இருந்த ஒரு பொதுப் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. அவருடைய வாதத்தைக் கேட்டு அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

நூறாண்டுகள் கழித்து, 1960-களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் நில வளங்களைக் கணினியில் அடுக்கு அடுக்காகச் சேமிக்கும் முறையை உருவாக்கினார். அதுதான் ஜி.ஐ.எஸ்.-ன் தொடக்கம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கிணறுகள், இன்னொன்றில் பாறை வகை, மூன்றாவதில் ஓடைகள், நான்காவதில் நிலத்தின் உயரம், ஐந்தாவதில் பயிர்கள். எல்லாத் தாள்களும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பொருந்தி உட்கார்ந்தால், எந்தக் கிணற்றின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இதற்கான பொருள்கள் இன்று பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் அளந்த நில உயரங்கள் கிடைக்கின்றன. 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் கிடைக்கின்றன. மலையில் எந்த ஆண்டு எங்கே காடு குறைந்தது, எங்கே வயல் கூடியது என்பதை அவற்றில் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளமும் இருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளுக்குக் காசு கிடையாது. கல்லூரி மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே இதைச் செய்யலாம்.

முதலில் தண்ணீரை ஒழுங்காக அளக்க வேண்டும்

கணினி எவ்வளவு அழகாக வரைந்தாலும், உள்ளே போகும் எண் தவறாக இருந்தால் வெளியே வருவதும் தவறுதான். எனவே வேலை கிணற்றடியில் தொடங்குகிறது.

குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகும்வரை பம்பைச் சில நிமிடங்கள் ஓட விட வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். கார அமிலத் தன்மையையும் மின்கடத்துத் திறனையும் அங்கேயே அளப்பது நல்லது. கிருமிப் பரிசோதனைக்குக் கொதிநீராவியில் சுத்தம் செய்த தனிப் பாட்டில் வேண்டும். குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கிணற்றின் ஆழம், அது திறந்த கிணறா போர்வெல்லா, தேதி, ஜி.பி.எஸ். இடம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும்.

ஆய்வகத்தில் வரும் எண்களை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 10500 எண்ணுள்ள குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுவார்கள். 2012-ல் திருத்தப்பட்ட அத்தரத்தின்படி, ஒரு லிட்டரில் கரைந்த மொத்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம். மொத்தக் கடினத்தன்மைக்கு இந்த அளவுகள் 200, 600. ஃபுளோரைடுக்கு 1, 1.5. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்தான். அதற்கு மேல் எந்தச் சலுகையும் இல்லை. ஈ.கோலி கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நைட்ரேட்டில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? அது பச்சிளம் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உடலை நீலம் பாய வைக்கும். கிணற்று நீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி 1945-லேயே எழுதினார். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டுத் தர அறிக்கை, நாடு முழுவதும் 15,259 இடங்களின் நீரை ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ 20 விழுக்காட்டில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழகத்தில் எடுத்த மாதிரிகளில் இந்த விகிதம் 37 விழுக்காட்டுக்கும் அதிகம். ராஜஸ்தான், கர்நாடகத்துக்கு அடுத்து நம் மாநிலம்தான் நிற்கிறது.

புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

முப்பது கிணறுகளை அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் முப்பது புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் நாம் பார்க்கும் வரைபடங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முழு நிலமும் நிறம் பூசப்பட்டிருக்கிறதே, அது எப்படி?

அது ஊகம், கணக்குப் போட்டுச் செய்யும் ஊகம். அருகில் இருப்பவை ஒன்றுபோல் இருக்கும் என்பது அதன் அடிப்படை. ஓர் எளிய உதாரணம். அளக்கப்படாத ஓரிடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிணறு. அதில் நைட்ரேட் 20. இன்னொரு பக்கம் 2 கிலோமீட்டரில் வேறொரு கிணறு, அதில் 80. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மதிப்புக் கொடுத்தால், முதல் கிணற்றுக்கு 1, இரண்டாவதற்கு கால். கணக்குப் போட்டால் அந்த இடத்துக்கு 32 வரும். வெறும் சராசரி என்றால் 50 வந்திருக்கும். இதுபோல் ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்கிட்டு நிறம் பூசுகிறது கணினி.

இதைவிட நுட்பமான முறை கிரிகிங். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் தொடங்கி வைத்த வழியைப் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மாத்தரான் கணிதமாக்கினார். தூரம் கூடக் கூட ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்பதைத் தரவிலிருந்தே கற்றுக்கொண்டு, தன் ஊகத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் அது சொல்லிவிடும்.

ஆனால் கொல்லிமலையில் இங்கேதான் சிக்கல். காரவள்ளிக்கும் மலைமேல் இருக்கும் ஊர்களுக்கும் வரைபடத்தில் உள்ள தூரம் குறைவு. காகம் பறந்தால் சில கிலோமீட்டர்தான். உயர வித்தியாசமோ ஆயிரம் மீட்டரை நெருங்குகிறது. கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறி வராது. மலை முகட்டின் இந்தப் பக்கம் விழும் மழை அந்தப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகாது. கணினிக்கு இதெல்லாம் நாம் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் அடிவாரக் கிணற்றின் சிவப்பை மலை உச்சிவரை பூசிவிடும். இல்லையென்றால் மேலே உள்ள ஒற்றை நல்ல ஊற்றை வைத்துச் சரிவு முழுவதையும் பச்சையாக்கிவிடும். இரண்டுமே ஆபத்து. முதலாவதில் நல்ல ஊற்றைக் கைவிடுவோம். இரண்டாவதில் கெட்ட தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்போம்.

இதற்கு வழி உண்டு. மலையின் மேற்பரப்பு, சரிவு, அடிவாரம் என்று பிரித்துத் தனித்தனியாகக் கணக்கிடலாம். நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகப் பிரிக்கலாம். ஒரு கிணற்றை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, மற்றவற்றிலிருந்து அதை ஊகிக்கச் சொல்லலாம். ஊகமும் உண்மையான அளவும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் வரைபடத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். கிணறே இல்லாத பகுதியை நிறமில்லாமல் வெள்ளையாக விட்டுவிடுவதும் நேர்மையான செயல்தான்.

காலத்தை ஒப்பிடும்போது வரும் பொறிகள்

ஓர் ஆண்டின் வரைபடம் என்பது ஒரு புகைப்படம். பல ஆண்டுகளின் வரைபடங்களை வரிசையாக வைத்தால்தான் கதை தெரியும். 2005 மே மாத வரைபடத்தை 2020 மே மாத வரைபடத்திலிருந்து கழித்தால் ஒரு மாற்ற வரைபடம் கிடைக்கும். ஓரிடத்தில் 30 ஆக இருந்த நைட்ரேட் 55 ஆகியிருந்தால் அங்கே 25 கூடியிருக்கிறது, வரம்பையும் தாண்டிவிட்டது. 5 ஆக இருந்தது 30 ஆகியிருந்தாலும் அதே 25 தான். வரம்புக்குள் இருந்தாலும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. ஒற்றைப் பரிசோதனை அறிக்கை இரண்டாவது ஊருக்கு "பாதுகாப்பானது" என்று முத்திரை குத்தும். மாற்ற வரைபடம்தான் "இப்போதே கவனியுங்கள்" என்று சொல்லும். இந்த முறையின் உண்மையான பயன் இதுவே.

ஆனால் ஒப்பிடும்போது சில பொறிகளில் கால் வைத்துவிடக் கூடாது.

முதலாவது, பருவம். மழைக்கு முன் எடுத்த நீரை மழைக்குப் பின் எடுத்த நீரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அது ஆண்டுகளின் வித்தியாசம் அல்ல, மாதங்களின் வித்தியாசம். அதுபோல ஆண்டையும் பார்க்க வேண்டும். 2015 இறுதியில் தமிழகத்தில் வெள்ளம் வந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டு "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்தால், மழை செய்த வேலைக்கு மனிதனைத் தண்டிப்பதாகிவிடும்.

இரண்டாவது, கிணறு. அன்று அளந்தது 30 அடித் திறந்த கிணறு. அது வற்றிப்போய், இன்று அதே இடத்தில் 500 அடி போர்வெல். இடம் ஒன்றுதான், தண்ணீர் வேறு. ஆழம் குறிக்கப்படாத பழைய பதிவேடு இந்த மாற்றத்தை மறைத்துவிடும்.

மூன்றாவது, அளவை. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே எழுதும். சில அதை நைட்ரஜன் அளவாக எழுதும். நைட்ரஜனாக 10 என்பது நைட்ரேட்டாக ஏறத்தாழ 44. பழைய அறிக்கையில் 10, புதிய அறிக்கையில் 44 என்று பார்த்து நாலு மடங்கு கூடிவிட்டதாக அலற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே தண்ணீராக இருக்கலாம்.

நான்காவது, இடம். நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற அடிப்படையில் வரையப்பட்டவை; இன்றைய ஜி.பி.எஸ். வேறு அடிப்படையில் இயங்குகிறது. மாற்றிக்கொள்ளாமல் கலந்தால் கிணறுகள் தம் இடத்திலிருந்து நகர்ந்துவிடும். சமவெளியில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். மலையில் அதே நகர்வு கிணற்றை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும்.

ஐந்தாவது, ஆய்வகப் பிழை. தண்ணீரில் உள்ள நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் கணக்கில் சமமாக வர வேண்டும். வித்தியாசம் 5 முதல் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கிவைப்பதே முறை.

வரைபடம் கையில் வந்த பிறகு

வரைபடம் தானாகத் தண்ணீரைச் சுத்தமாக்காது. ஆனால் பணத்தை எங்கே செலவிடுவது என்று காட்டும்.

1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில்தான் இந்தியாவில் முதன்முதலாக ஃபுளோரைடு பாதிப்பு மருத்துவ ரீதியாகப் பதிவு செய்யப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அதே ஃபுளோரைடால் பற்கள் கறைபட்டும் எலும்புகள் வளைந்தும் அவதிப்பட்டார்கள். அவர்களுக்காக ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே நீரின் தீமை பாறையிலிருந்து வந்தது. தீர்வு, வேறு இடத்துத் தண்ணீரைக் கொண்டுவருவது.

கொல்லிமலை போன்ற இடத்தில் நைட்ரேட் கூடினால் பாறையைக் குறை சொல்ல முடியாது. காரணம் மேலே, நம் கையில் இருக்கிறது. சிவப்பு நிறம் மரவள்ளி வயல்களின் கீழ்ச்சரிவில் விழுகிறதா, குடியிருப்புகளைச் சுற்றி விழுகிறதா என்று அடுக்குகளைப் பொருத்திப் பார்த்தால் தெரியும். வயல்களோடு பொருந்தினால் உரத்தைப் பிரித்துப் போடுவது, சரிவின் குறுக்கே கல்வரப்பு அமைப்பது, ஊற்றுக்கு மேலே உள்ள நிலத்தில் மரப்பயிருக்கு மாற உதவுவது என்று வழிகள் உண்டு. குடியிருப்புகளோடு பொருந்தினால் கழிவறைக் குழிகளும் மாட்டுத் தொழுவங்களும் ஊற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுப்பதைத் தவிர்க்க இது உதவும்.

நம்மால் முடிந்தது

இந்த வேலை முழுவதும் அரசாங்கத்துடையது, பல்கலைக்கழகத்துடையது என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமப் பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று இருந்துவிட மட்டும் கூடாது. அது மொத்த உப்பைச் சொல்லும். நைட்ரேட் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. கிருமியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

நம் ஊர்களில் மறைந்தவர்களின் பெயரால் ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். குழாயில் தண்ணீர் வந்ததும் படம் எடுத்துப் பெயர்ப்பலகை வைப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. திறக்கும் முன் ஒரு முழுப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் ஒரு பரிசோதனை என்று அந்தச் செலவையும் தர்மத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொடுப்பதன் நோக்கம் தாகம் தீர்ப்பது மட்டுமல்ல. குடிப்பவர் நலமாக இருப்பதும்தான்.

செலவே இல்லாத இன்னொரு வேலையும் உண்டு. பள்ளிவாசலிலோ பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கிணற்றின் இடம், ஆழம், பரிசோதித்த தேதி, வந்த எண்கள், அளவை, எந்த ஆய்வகம் என்று எழுதி வையுங்கள். கைப்பேசியிலேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கும். முதல் ஆண்டு அந்த நோட்டு யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் ஊருக்கு வந்து "பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும்போது அதன் மதிப்புத் தெரியும். எவ்வளவு நல்ல மென்பொருளாலும் கடந்துபோன ஆண்டின் தண்ணீரை அளக்க முடியாது. அன்று எழுதி வைத்தவர் இருந்தால்தான், தண்ணீர் மாறியதா இல்லையா என்று நம் பிள்ளைகளுக்கு வரைபடம் பதில் சொல்லும்.